எல்லோருக்கும் எல்லாப் புற்றுநோய்க்கும் டெஸ்ட் எடுத்துவிட்டால் சாவு குறையுமா?

கேள்வி இது: "எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கேன்சர் கண்டறியும் முகாம் வைக்கிறார்கள். அம்மாவுக்கு 52 வயது. ஒரு லேப்காரர் தள்ளுபடி விலையில் 'ட்யூமர் மார்க்கர் பேக்கேஜ்' எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா? நாற்பது தாண்டிய எல்லோருக்கும் அரசே வருடா வருடம் எல்லாப் புற்றுநோய்க்கும் டெஸ்ட் எடுத்தால் பாதிப் பேரைக் காப்பாற்றிவிடலாமே, ஏன் செய்வதில்லை? வெளிநாடுகளில் செய்கிறார்களே, அங்கே பலன் என்ன?"

முதலில் நேரடிப் பதில். அந்தப் பேக்கேஜ், அதாவது புற்றுநோயின் தடயத்தை ரத்தத்தில் தேடும் டெஸ்டுகளின் தொகுப்பு, வேண்டாம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அவசியம் வேண்டும். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் என்று ஆரம்பித்தால் பிழைக்கிறவர்களைவிட வீணாக அவதிப்படுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பொதுச் சுகாதாரத் துறைக்காரன், அதனால் எண்கள் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுவலி என்று வருகிறவரைச் சோதிப்பது வேறு, ஸ்கிரீனிங் வேறு. ஒரு தொந்தரவும் இல்லாமல் வேலைவெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவரை நாமே போய்க் கூப்பிட்டு, "வாங்க, உங்களுக்கு நோய் இருக்கா பார்க்கிறோம்" என்பது ஸ்கிரீனிங். கூப்பிட்டது நாம் என்பதால், கூப்பிட்டதால் நன்மை உண்டு என்று நிரூபிக்கிற பொறுப்பும் நம்முடையது. 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் இதற்குப் பத்து நிபந்தனைகளை எழுதிவைத்தார்கள். கண்டுபிடித்தால் கொடுக்க ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை கொடுக்க வசதி இருக்க வேண்டும், இது ஒருநாள் கூத்தாக இல்லாமல் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. அறுபது வருடம் ஆகப்போகிறது. நம் ஊர் முகாம்களில் பல இந்த மூன்றிலேயே தோற்றுவிடும்.

ஸ்கிரீனிங் உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டுகிற உதாரணங்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. நம்மில் பலருக்குத் தெரியாது என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையமும், பிரான்ஸின் லியோன் நகரத்தில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000-இல் ஆரம்பித்த ஆய்வு அது. முன்னின்று நடத்தியவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். மாவட்டத்தின் கிராமப் பகுதிகளை 114 தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு முறை கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. மற்றத் தொகுதிகளில் வழக்கமாக என்ன கிடைக்குமோ அது மட்டும். வழக்கமாகக் கிடைப்பது என்றால், கிட்டத்தட்ட ஒன்றும் கிடையாது.

பரிசோதனையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஸ்பெகுலம் வைத்து, நல்ல விளக்கு வெளிச்சத்தில் கர்ப்பப்பை வாயைப் பார்க்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் பஞ்சை நனைத்து அங்கே ஒற்றுகிறார்கள். ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரும் அதே சரக்குதான். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த ஒரு நிமிடத்தை அவசரத்தில் சுருக்கினால் பரிசோதனையே கெட்டுப்போகும். நல்ல திசு இளஞ்சிவப்பாகவே இருக்கும். புற்றுநோயாக மாறும் வழியில் இருக்கும் திசு வெள்ளை வெளேரென்று, ஓரம் தெளிவாகத் தெரிகிற திட்டாகத் தெரியும். புண்ணாலோ அழற்சியாலோ வருகிற வெளுப்பு மங்கலாக, ஓரம் கலைந்து இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிற கண்தான் இந்தப் பரிசோதனையின் கருவி. வி.ஐ.ஏ. என்று துறையில் சொல்வது இதைத்தான்.

வெள்ளைத் திட்டு தெரிந்தால் "மதுரைக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பவில்லை. அதே வருகையில் கால்போஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவி வைத்துப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்து, உறைய வைத்து அழிக்கக்கூடிய அளவில் இருந்தால் அந்தச் சிகிச்சையையும் நர்சே செய்தார். குளிரூட்டிய முனையை மூன்று நிமிடம் வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். மயக்க மருந்து தேவையில்லை, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். பெரிதாக இருந்தால்தான் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

முடிவு 2007-இல் லான்செட் இதழில் வந்தது. கூப்பிட வேண்டியவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர், அதாவது நூற்றுக்கு 64. அவர்களில் சுமார் பத்து சதவீதத்தினருக்குப் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்த 3,088 பேரில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோப் பார்த்து முடித்துவிட்டார்கள். 2006 வரை தொடர்ந்து கவனித்ததில், பரிசோதனை நடந்த பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. வராமல் போன மூன்றில் ஒரு பங்குப் பெண்களையும் கணக்கில் சேர்த்துத்தான் இந்த எண். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, வினிகரும் பஞ்சும் விளக்கும்.

இதைப் படித்தவுடன் "அப்படியானால் வினிகர் போதுமே" என்று தோன்றும். தோன்றியது, பலருக்கும். ஆனால் அதே சங்கரநாராயணன், மும்பை டாடா நினைவு மருத்துவமனைக் குழுவோடு சேர்ந்து மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து இன்னொரு ஆய்வு நடத்தினார். நான்கு குழுக்கள்: ஒன்றுக்கு இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்ற பரிசோதனை, ஒன்றுக்குக் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியர், ஒன்றுக்கு இந்த வி.ஐ.ஏ., நான்காவதுக்கு எதுவும் இல்லை. 2009-இல் முடிவு வந்தபோது, எச்.பி.வி. குழுவில் மட்டும் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. வி.ஐ.ஏ. குழுவிலும் பாப் ஸ்மியர் குழுவிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் குறையவில்லை. "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பப்பட்டவர்களில் பின்னால் புற்றுநோய் வந்தவர்கள் எச்.பி.வி. குழுவில் 8 பேர், பாப் ஸ்மியரில் 22, வி.ஐ.ஏ.வில் 25.

திண்டுக்கல்லில் பலித்தது உஸ்மானாபாத்தில் ஏன் பலிக்கவில்லை என்பதில் துறைக்குள் வாதம் உண்டு. எனக்குப் படுவது இது: கண்ணால் பார்க்கிற பரிசோதனை பார்க்கிற கண்ணைப் பொறுத்தது. பயிற்சி, மேற்பார்வை, ஒரு நாளைக்கு எத்தனை பேர், விளக்கு எப்படி, எல்லாமே முடிவை மாற்றும். ஐம்பதை நெருங்கும்போது பார்க்க வேண்டிய, இரண்டு வகைத் திசுக்கள் சந்திக்கிற எல்லைக்கோடு கர்ப்பப்பை வாய்க்குள்ளே ஏறிக்கொள்ளும், எத்தனை நல்ல கண்ணுக்கும் தெரியாது. எச்.பி.வி. பரிசோதனையில் மாதிரியை மிஷின் படிக்கிறது. மாதிரியை அந்தப் பெண்ணே தனியறையில் எடுத்துக்கொள்ளவும் முடியும், கூச்சப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-லிருந்து முதல் பரிசோதனையாக எச்.பி.வி.யைத்தான் பரிந்துரைக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. உஸ்மானாபாத்தில் பரிசோதனை கிடைக்காத குழுவில் 64 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். பாப் ஸ்மியர் பலன் தருவது உலகத்துக்கே தெரிந்த பிறகு, ஒரு குழுவைச் சும்மா விட்டு வைத்து எண்ணிக்கொண்டிருப்பது அறமா என்று கடுமையான விமர்சனம் எழுந்தது. "இந்தியாவில் வழக்கமான கவனிப்பே பூஜ்யம்தானே" என்பது ஆய்வாளர்கள் தரப்பு. விமர்சனம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அதைவிட அநியாயம், முடிவு வந்து பதினைந்து வருடம் தாண்டியும் நாடு தழுவிய அளவில் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருப்பது.

சரி, வெளிநாட்டுக்கு வருவோம். பிரிட்டனில் பாப் ஸ்மியர் 1960களின் நடுவிலேயே வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் லட்சக்கணக்கில் எடுத்தார்கள், சாவு பெரிதாக அசையவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் பிரசவத்துக்கும் வந்த இளம்பெண்களுக்கே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வயதான, ஏழைப் பெண்களுக்கு, அதாவது நோய் வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, அதிகம் எடுக்கவில்லை. பாசிட்டிவ் வந்தவர் திரும்பி வந்தாரா என்று பார்க்கவும் ஆளில்லை. 1988-இல் கம்ப்யூட்டர் பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு குடும்ப மருத்துவரிடமும் பதிவான பெண்களின் பெயர் அதில் இருக்கும், உரிய வயது வந்ததும் கடிதம் போகும், வராவிட்டால் நினைவூட்டல் போகும். 1988-இல் 42 சதவீதமாக இருந்த பங்கேற்பு 1994-இல் 85 சதவீதம் ஆனது. அதற்குப் பிறகுதான் நோயும் சாவும் கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் இறங்கின. பரிசோதனை அதே பழைய பாப் ஸ்மியர்தான். புதிதாக வந்தவற்றில் முக்கியமானவை பட்டியலும் கடிதமும்.

வடக்கு ஐரோப்பாவில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். 1965-க்கும் 1982-க்கும் இடையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஐஸ்லாந்தில் 80 சதவீதம், பின்லாந்தில் 50, சுவீடனில் 34, டென்மார்க்கில் 25, நார்வேயில் வெறும் 10 சதவீதம் குறைந்தது. எல்லாம் பணக்கார நாடுகள், ஒரே மாதிரி மருத்துவம். ஐஸ்லாந்தில் நாடு முழுக்க அழைப்புப் பட்டியல் இருந்தது. நார்வேயில் மக்கள்தொகையில் 5 சதவீதம் மட்டுமே அப்படியொரு ஒழுங்கான திட்டத்துக்குள் இருந்தது. டாக்டரிடம் தானாகப் போய் டெஸ்ட் எடுத்துக்கொண்டவர்கள் அங்கேயும் ஏராளம், ஆனால் அதனால் சாவு அதிகம் குறையவில்லை.

இன்னொரு தகவலையும் பக்கத்தில் வையுங்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்தும் பதிவேட்டைப் பார்த்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பத்தாண்டு பத்தாண்டாகக் குறைந்து, மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டது. பெரிய ஸ்கிரீனிங் எதுவும் அப்போது நடக்கவில்லை. கல்யாண வயது கூடியது, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது, தண்ணீரும் கழிப்பறையும் வந்தன. "எங்கள் திட்டத்தால்தான் குறைந்தது" என்று யாராவது மேடையில் சொன்னால், திட்டம் இல்லாத இடத்தில் என்ன ஆனது என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே? கேட்கும்போது மறுக்கவே முடியாத நியாயமாகத் தெரியும். மறுத்துப் பார்ப்போம். ஒருவருக்கு 67 வயதில் இருமலோடு நோய் தெரிந்து 70-இல் இறக்கிறார். அவருக்கே ஸ்கிரீனிங்கில் 62-இல் தெரிந்து, அதே 70-இல் இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் மூன்று வருடம் பிழைத்தார், இரண்டாவதில் எட்டு வருடம். ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் பிரமாதமாக ஏறிவிடும். அவருக்குக் கிடைத்தது நோயாளியாக வாழ்ந்த ஐந்து கூடுதல் வருடம், ஆயுள் ஒரு நாள்கூட நீளவில்லை. ஆஸ்பத்திரி விளம்பரங்களில் வருகிற பிழைப்பு விகிதங்களை நான் ஸ்கிரீனிங்குக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். மொத்த மக்கள்தொகையில் சாவு குறைந்ததா என்பது ஒன்றுதான் கணக்கு.

அது கற்பனைக் கணக்கு என்று தோன்றினால் நிஜத்தைப் பாருங்கள். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2,02,638 பெண்களை வைத்து சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு வருடா வருடம் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன். முதல் நிலையிலேயே பிடிபட்ட நோய் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது, நான்காம் நிலையில் பிடிபடுவது கால் பங்கு குறைந்தது. கொண்டாட வேண்டியதுதானே? 2021-இல் இறுதிக் கணக்கு வந்தது. சாவு குறையவில்லை. உங்கள் அம்மாவுக்கு எடுக்கச் சொல்கிற பேக்கேஜில் இந்த சி.ஏ.125 இல்லாமல் இருக்காது. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பையில் வரும் சாதாரணக் கட்டி) இருந்தாலும் ஏறும், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சவ்வு வெளியே வளர்வது) இருந்தாலும் ஏறும், வயிற்று டி.பி. இருந்தாலும் ஏறும். கூட இருக்கும் இன்னொரு மார்க்கரான சி.இ.ஏ., பீடி சிகரெட் பிடிப்பவருக்கு இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சிகிச்சையில் இருக்கும் நோயாளியைக் கண்காணிக்க இவை பயனுள்ள பரிசோதனைகள். நன்றாக இருப்பவரிடம் வலைவீசித் தேடுவதற்கு உதவாது.

அதைவிடப் பெரிய பாடம் தென் கொரியா. 1999-இல் அரசு சில புற்றுநோய்களுக்கு ஸ்கிரீனிங் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் வந்தவர்களிடம் ஆஸ்பத்திரிகள் "இன்னும் கொஞ்சம் காசு போட்டால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம்" என்றன. முப்பது ஐம்பது டாலர்தானே என்று மக்களும் எடுத்தார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆகிவிட்டது. ஒரே வருடத்தில் 40,000 பேருக்கு மேல். அந்த நாட்டில் அதிகம் கண்டறியப்படும் புற்றுநோயே அதுதான் என்ற நிலை. தைராய்டு புற்றுநோயால் இறப்பவர்கள் எண்ணிக்கை? வருடத்துக்கு முந்நூறு நானூறு, முன்னும் அதே, பின்னும் அதே.

என்ன நடந்தது என்றால், பலருடைய கழுத்தில் சின்னஞ்சிறு தைராய்டு புற்றுக்கட்டி உண்டு, அது சாகும்வரை ஒன்றும் செய்வதில்லை. பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்தவர்களின் தைராய்டை நுணுக்கமாக வெட்டிப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கு இருந்தது. தேடினால் கிடைக்கும். கிடைத்தால் "கேன்சர்" என்று பெயர் வைத்துவிட்டு சும்மா இருக்க முடியாது, அறுவை சிகிச்சை. காப்பீட்டுக் கணக்குகளைப் பார்த்ததில், அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதத்தினருக்குப் பாராதைராய்டு சுரப்பி செயலிழந்து கால்சியம் பிரச்சினை, 2 சதவீதத்தினருக்குக் குரல் நாண் வாதம். வாழ்நாள் முழுக்கத் தைராய்டு மாத்திரை தனி. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த ஸ்கேனே எடுக்காமல் இருந்திருந்தால் நோயாளியே ஆகியிருக்க மாட்டார்கள். 2014-இல் எட்டு மருத்துவர்கள் வெளிப்படையாகக் கடிதம் எழுதி எதிர்த்த பிறகுதான் அறுவைகள் மளமளவென்று குறைந்தன. கொரியாவில் அந்த ஸ்கேன் எப்படி நுழைந்ததோ, அதே வழியில்தான் நம் ஊர் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பிலும் நுழைகிறது.

ஜப்பானும் ஒருமுறை சுட்டுக்கொண்டது. ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோயைத் தேடும் திட்டத்தை 1980களில் நாடு முழுக்க நடத்தினார்கள். தானாகவே கரைந்துபோகிற கட்டிகள்தான் அதிகம் சிக்கின, கொல்கிற வகை சிக்கவில்லை. கனடாவிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகளில் சாவு குறையவில்லை என்று தெரிந்ததும் 2004-இல் நிறுத்தினார்கள். ஓர் அரசு தான் தொடங்கிய பிரபலமான திட்டத்தை ஆதாரம் பார்த்து நிறுத்தியது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மார்பகப் புற்றுநோய் இந்த இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கிறது. பிரிட்டனில் 2012-இல் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு போட்ட கணக்கு: 50 வயதுப் பெண்கள் பத்தாயிரம் பேரை இருபது வருடம் மாமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேவுக்கு, அழைத்தால் 43 சாவு தவிர்க்கப்படும், ஆனால் 129 பேர் தங்களை ஒருபோதும் தொந்தரவு செய்திருக்காத நோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் அனுபவிப்பார்கள். ஓர் உயிருக்கு மூன்று பேர். இது செய்யத்தக்கதா என்பது அந்தப் பெண் முடிவு செய்ய வேண்டியது. அவரிடம் இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். நம் ஊர்ப் பிங்க் ரிப்பன் விளம்பரங்களில் இரண்டாவது எண்ணை நான் பார்த்ததே இல்லை.

இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் மேல்நாடுகளைவிடச் சுமார் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. இளம் வயது மார்பகம் அடர்த்தியானது, மாமோகிராமில் கட்டி மறைந்துகொள்ளும். மிஷினும் படம் படிக்கிற ரேடியாலஜிஸ்டும் தாலுகா தோறும் இல்லை. அதனால் மும்பையில் டாடா மருத்துவமனைக்காரர்கள் வேறொரு வழியைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பது. ஒன்றரை லட்சம் பெண்கள், இருபது வருடக் கண்காணிப்பு. 2021-இல் வந்த முடிவில் எல்லா வயதையும் சேர்த்தால் சாவில் 15 சதவீதக் குறைவு, புள்ளியியல்படி உறுதியில்லை. ஐம்பது தாண்டியவர்களில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது, இது உறுதி. உங்கள் அம்மா வயதுக்காரர்களுக்கு இதுவே இந்த மண்ணில் எடுத்த நல்ல ஆதாரம்.

வாய்ப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் 13 பஞ்சாயத்துகளில் நடந்த ஆய்வு இருக்கிறது. டார்ச் அடித்து வாயைப் பார்ப்பதுதான். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களில் சாவு 34 சதவீதம் குறைந்தது, பழக்கமே இல்லாதவர்களுக்குப் பலன் இல்லை. ஆகவே எல்லோர் வாயையும் பார்ப்பதைவிட வெற்றிலைப் பாக்கு, ஹான்ஸ் போடுகிறவரைத் தேடிப்பிடித்துப் பார்ப்பது மேல். நுரையீரலுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. அமெரிக்க ஆய்வில் சாவை 20 சதவீதம் குறைத்தது, ஆனால் அது பல வருடம் கடுமையாகப் புகைத்தவர்களுக்கு மட்டும். அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்பீர்கள்: ஐரோப்பிய ஆய்வு பலன் உண்டு என்றது, அமெரிக்க ஆய்வு இல்லை என்றது. டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம், முகாமில் கையை நீட்டி ரத்தம் கொடுக்கிற விஷயமில்லை.

தமிழ்நாட்டில் என்ன நிலை? 2007 வாக்கில் தேனியிலும் தஞ்சாவூரிலும் சோதனை முயற்சியாகக் கர்ப்பப்பை வாய் ஸ்கிரீனிங் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரித்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனை எப்போதாவது செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாடு அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் பத்தைத் தொடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் எட்டச் சொல்லும் இலக்கு 70.

நர்சுகள் இல்லை என்பது காரணமில்லை. ஒரு பெண் கர்ப்பம் என்று பதிவு செய்த நாளிலிருந்து கிராம சுகாதார செவிலியர் அவரை விடுவதில்லை. கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்ணான பிக்மி எண் வந்துவிடும், எந்த மாதம் ஊசி, எப்போது ஸ்கேன், பிரசவம் எங்கே, குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி, எல்லாம் பட்டியலில் இருக்கும். வராவிட்டால் போன் வரும், வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். அதே பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதானதும் அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. காய்ச்சல், சுகர் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், இருக்கிற சிஸ்டருக்கு நேரமிருந்தால், "உள்ளே வாங்கம்மா, ஒரு டெஸ்ட் இருக்கு" என்பார். "எனக்கு ஒண்ணும் இல்லையே சிஸ்டர், எதுக்கு? வீட்டுல கேட்டுட்டு வர்றேன்" என்று அவர் போய்விடுவார். நூறு நாள் வேலைக் கூலி ஒருநாள் போகும், வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ, அங்கே திரைச்சீலை சரியாக இருக்குமோ. 1988-க்கு முந்தைய பிரிட்டன்தான் இது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்த பிறகு தன்னார்வலர்கள் சுகர், பிரஷருக்கு வீடுவீடாகப் போகிறார்கள். 2023-இல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும் ஒழுங்கான அழைப்பு முறையைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். சரியான திசை. எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதை விட்டுவிட்டு, பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்ற எண்ணை வெளியிட்டால் இதை நான் திட்டம் என்று ஒப்புக்கொள்வேன். இலங்கையில் 1996-லிருந்தே வெல் வுமன் கிளினிக்குகள் நடக்கின்றன. அங்கே பொதுச் சுகாதார மருத்துவமாதுவின் கையில் அந்தப் பகுதிக் குடும்பங்களின் பதிவேடு இருக்கிறது, 35 வயதை எட்டுகிறவரைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. எல்லா வயதினரையும் துரத்தாமல் குறிப்பிட்ட வயதுக்காரர்களை முழுமையாகப் பிடிப்பது ஏழை நாட்டுக்கு ஏற்ற புத்திசாலித்தனமான வழி.

இனி உங்கள் அம்மா. அவர் இதுவரை ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொள்ளவில்லை என்றால் எச்.பி.வி. பரிசோதனை செய்யுங்கள். நெகட்டிவ் என்றால் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் பாப் ஸ்மியர். 52 வயதில் வி.ஐ.ஏ.வை மட்டும் நம்ப வேண்டாம், காரணம் மேலே சொன்னேன். வேறு சாதாரணக் காரணத்துக்காகக் கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து ஏற்கெனவே எடுத்துவிட்டார் என்றால் இந்தப் பரிசோதனையே தேவையில்லை. நம் ஊரில் அப்படி எடுத்தவர்கள் நிறைய, முகாமில் யாரும் கேட்பதில்லை. மார்பகத்தைப் பயிற்சி பெற்ற ஒருவர் கையால் பரிசோதிக்கட்டும். மாமோகிராம் எடுக்கலாமா என்பதை அந்த 43-க்கும் 129-க்கும் நடுவில் அம்மாவே முடிவு செய்யட்டும்.

முகாம் நடத்துகிறவர்களிடம் போய் ஒன்று கேளுங்கள்: பாசிட்டிவ் வந்தால் அடுத்த பரிசோதனை எங்கே, எத்தனை நாளில், யார் செலவில், கூட யார் வருவார்கள்? எழுதித் தருகிறார்கள் என்றால் உங்கள் தெருவையே கூட்டிக்கொண்டு போங்கள். "ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிடுவோம் சார்" என்பதுதான் பதில் என்றால் சங்கத்தின் பணத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, மேலே சொன்ன எதுவும் அறிகுறி உள்ளவருக்குப் பொருந்தாது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும், மார்பில் கட்டி கையில் தட்டுப்பட்டாலும், மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண் இருந்தாலும் முகாம் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அம்மாவுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள். இருந்தால் நாளைக் காலையிலேயே மகப்பேறு மருத்துவரிடமோ அரசு மருத்துவக் கல்லூரி ஓ.பி.க்கோ கூட்டிப் போங்கள்.